சாம்பாருக்கும் ரெப்போவுக்கும் சம்பந்தம் இல்லையாம்

ரெப்போ ரேட், அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான வட்டி பற்றி நான் போட்ட பதிவுக்குக் கீழே நேற்று நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் இனி தேட வேண்டாம், பாதியைக் கமெண்ட் போட்ட தம்பியே அழித்துவிட்டார். அழிக்காமல் விட்டது இது: "அக்கா, ரெப்போ ரேட் எல்லாம் ஷேர் மார்க்கெட் ஆளுங்க சமாசாரம். சாமானியனுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? நீங்க வழக்கம்போல சமையல் பதிவு போடுங்க, அதுதான் உங்களுக்கு நல்லா வருது." இதற்கு 43 பேர் சிரிப்பு போட்டிருக்கிறார்கள். அதில் ஒருவன் என் சித்தப்பா மகன்.

சரி தம்பி. சாமானியக் கதையே சொல்கிறேன்.

2021 நவம்பரில் வீட்டுக்கடன் வாங்கினோம். 20 லட்சம், 7 சதவீத வட்டி, மாதம் 17,977 ரூபாய் வீதம் 180 தவணை. பீரோ கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டி, ஒவ்வொரு தவணை போனதும் ஒன்று குறைத்து எழுதுவேன். 179, 178 என்று. 2023 மார்ச் கடைசியில் 164 என்று எழுதியிருந்தேன். அதே வாரம் வருமான வரிக்காகக் கடன் கணக்கு விவரத்தை வாங்கிப் பார்த்தால், மீதித் தவணை 236 என்று இருக்கிறது. அச்சுப் பிழை என்று நினைத்துக் கிளைக்கே போனேன். "ரேட் ஏறிடுச்சுல்ல மேடம், சிஸ்டமே மாசத்தைக் கூட்டிக்கும்" என்றார் அங்கிருந்தவர். 16 மாதம் ஒழுங்காகக் கட்டியிருக்கிறோம். கடன் வாங்கிய அன்று 180, இப்போது 236! தவணைத் தொகையில் ஒரு ரூபாய் மாறியிருந்தால்கூட அன்றே கவனித்திருப்பேன். மாறவில்லை. அதனால் சத்தமே கேட்கவில்லை.

அந்த 16 மாதத்தில் நடந்தது இதுதான். வங்கிகள் அரசுக் கடன் பத்திரத்தை ரிசர்வ் வங்கியிடம் வைத்துப் பணம் வாங்குகின்றன, நாம் வளையலை வைத்து வாங்குவதுபோல. அந்த அடகுக்கான வட்டிதான் ரெப்போ. 2020 மே முதல் 4 சதவீதமாக இருந்ததை, 2022 மே 4-ஆம் தேதி, வழக்கமான கூட்டத்துக்குக்கூடக் காத்திராமல் 4.40 ஆக்கினார்கள். 2023 பிப்ரவரியில் 6.50. 2019 அக்டோபருக்குப் பின் வங்கிகள் கொடுத்த, வட்டி மாறக்கூடிய வீட்டுக்கடன்கள் பெரும்பாலும் இந்த ரெப்போவோடுதான் கட்டப்பட்டிருக்கின்றன. மும்பையில் ரிசர்வ் வங்கியின் வட்டிக் குழுவில் ஆறு பேர் கூடிக் கை தூக்கினால் என் பீரோ கதவில் எண் மாறும். ஷேர் மார்க்கெட்டில் எனக்கு நயா பைசா கிடையாது.

"வட்டியை ஏற்றாவிட்டால் விலைவாசி எகிறியிருக்கும்" என்று பொருளாதாரம் படித்த ஒருவர் கட்டாயம் வருவார். வாங்க சார். 2022 ஏப்ரலில் பணவீக்கம் 7.79 சதவீதம், ஒத்துக்கொள்கிறேன். ஏதாவது செய்துதான் ஆக வேண்டியிருந்தது. வட்டியை ஏற்றாதே என்று நான் எங்கே எழுதினேன்? அது நம்மைத் தொடவே இல்லை என்று சொல்லாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான். ஆனால் 2023 ஜூலையில் தக்காளி விலை ஏறியதே, அதற்கு எந்த ரெப்போ? மழைக்கும் வெயிலுக்கும் ரெப்போ புரியாது. இன்னொன்றும் சொல்கிறேன். 2022-இல் மூன்று காலாண்டு தொடர்ந்து பணவீக்கம் 6 சதவீத வரம்பைத் தாண்டியதால், ஏன் இலக்கைத் தவறவிட்டோம் என்று ரிசர்வ் வங்கி சட்டப்படி அரசுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டி வந்தது. எழுதியது. அதைப் பொதுவில் வெளியிடவில்லை. நான் தவணை தவறினால் பக்கத்து வீட்டுக்கே தெரிந்துவிடும்.

"கடன் வாங்காம இருக்க வேண்டியதுதானே" என்பவருக்குப் பதில் கிடையாது. அவருக்கு அப்பா வீடு இருக்கும்.

கடனே வாங்காத என் அம்மாவையும் இது விடவில்லை. 2025-இல் மட்டும் நான்கு முறை குறைத்து, டிசம்பர் 5-ஆம் தேதியோடு ரெப்போ 5.25-க்கு வந்துவிட்டது. எனக்கு நல்லதுதான். ஆனால் அம்மா நவம்பரில் எஃப்.டி.யைப் புதுப்பித்தபோது அரை சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. எனக்கு இறங்கினால் அவருக்கும் இறங்கும். ஒரே வீட்டில் ஒருத்தி சந்தோஷப்படும்போது இன்னொருத்தி மாத்திரைக் கணக்குப் பார்க்கிறாள். இதற்கு என்ன தீர்வு என்று என்னைக் கேட்காதீர்கள்.

ரெப்போ மட்டுமா? நாம் போடும் 100 ரூபாய் டெபாசிட்டில் இப்போது 3 ரூபாயை வங்கி வட்டியில்லாமல் ரிசர்வ் வங்கியிடம் வைக்க வேண்டும். ரொக்கக் கையிருப்பு விகிதம் என்று பெயர். 2025 செப்டம்பர் தொடங்கி நான்கு தடவையாக அதை 4-லிருந்து 3 ஆக்கினார்கள். ஒரே ஒரு ரூபாய்தான். நாடு முழுக்கச் சேர்த்தால் கடன் கொடுக்கக் கிடைப்பது சுமார் இரண்டரை லட்சம் கோடி.

அப்புறம் நகைக்கடன். வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கிற பழக்கத்துக்கு ரிசர்வ் வங்கியின் கண்டிப்பால் கெடுபிடி வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? முழுப் பணத்தையும் கட்டி மீட்டுத்தான் மறுபடி வைக்க முடியும் என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். என் அத்தை ஒன்றேகால் லட்சத்துக்கு எங்கே போவார்? ஒரே ஒரு ராத்திரிக்குத் தெருக்கோடியில் வட்டிக்கு விடுபவரிடம் வாங்கிக் கட்டினார். மறுநாள் அதே நகை அதே வங்கிக்குள் போனது. அந்த ஒரு ராத்திரிக்கு 2,500 ரூபாய். அத்தை ரெப்போ என்ற சொல்லைக் கேள்விப்பட்டதே இல்லை. சம்பந்தம் இல்லையாம்!

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. ஆமாம். பத்து வருடமாக இங்கே வத்தக்குழம்பு எழுதியிருக்கிறேன், அப்போதெல்லாம் "அக்கா அருமை". கணக்கு எழுதிய ஒரே நாளில் அடுப்படிக்குப் போகச் சொல்கிறார்கள். குடும்பக் கணக்கை மாதா மாதம் யார் பார்க்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? அந்த 236-ஐக் கண்டுபிடித்தது வீட்டுக்காரர் இல்லை, ஆடிட்டர் இல்லை. நான். கிளை மேலாளரிடம் மூன்று முறை நடந்து, மாதம் 3,000 ரூபாய் கூட்டிக் கட்டுகிறோம் என்று எழுதிக்கொடுத்து அந்த எண்ணை இறக்கியதும் நான்தான். வட்டி ஏறும்போது தவணையைக் கூட்டவா, மாதத்தைக் கூட்டவா என்று வங்கி கடன்காரரிடமே கேட்க வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே விதி போட்டது. எனக்கு அது ஐந்து மாதம் லேட்.

சித்தப்பா மகனுக்கு ஒன்று. நீ வீடு வாங்கியது 2022 ஜனவரியில். கணக்கு விவரத்தை என்றைக்காவது எடுத்துப் பார்த்திருக்கிறாயா? அந்தச் சிரிப்பை நீ இன்னும் எடுக்கவில்லை, நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.