13 வயதுப் பிள்ளைக்கு எதற்கு வாட்ஸ் கணக்கு?

மவுண்டன் பைக் ஓட்டும் பிள்ளைகளின் பெற்றோரிடம் கொஞ்ச நாளாகவே சொல்ல நினைத்ததை இன்று எழுதிவிடுகிறேன். 13, 14 வயதில் பந்தயத்தில் எத்தனையாவதாக வந்தான், ஃபிட்னஸ் டெஸ்டில் எத்தனை வாட்ஸ் (பெடலை மிதிக்கும் பலத்தின் அளவு) எடுத்தாள் என்பதை வைத்துக்கொண்டு, பிள்ளைக்கு இந்த விளையாட்டு வரும், வராது என்று முடிவு கட்டாதீர்கள். அந்த வயதில் அந்த எண்கள் பாதிக்கு மேல் சொல்வது, உடம்பு எவ்வளவு சீக்கிரம் வளர்ந்திருக்கிறது என்பதைத்தான்.

வார இறுதிகளில் இங்கே சிங்கப்பூரில், செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவில் பிள்ளைகளோடு சைக்கிள் ஓட்டுகிறேன். அங்கே ஓர் அப்பா மகனின் டெஸ்ட் ரிப்போர்ட்டைப் போனில் காட்டி, "அண்ணே, இவனுக்குக் கிலோவுக்கு இத்தனை வாட்ஸ்தானாம், ரொம்பக் கம்மி. பேசாம நீச்சலுக்கு மாத்திடலாமா?" என்று கேட்டார். பையன் உயர்நிலை ஒன்று. பக்கத்திலேயே நின்று பிரேக்கை அழுத்துவதும் விடுவதுமாக இருந்தான். எல்லாம் அவன் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

அவனோடு ஒரே பிரிவில் ஓட்டும் இன்னொரு பையனுக்குக் குரல் உடைந்து, மீசையும் அரும்பிவிட்டது. இவனைவிட ஒரு தலை உயரம். ஆண்பிள்ளைகள் சராசரியாக 14 வயதை ஒட்டியும், பெண்பிள்ளைகள் 12 வயதை ஒட்டியும்தான் கிடுகிடுவென்று உயர்கிறார்கள். அது வெறும் சராசரி. ஒருவனுக்கு 12-இலேயே வந்துவிடும், இன்னொருவனுக்கு 16-ஐத் தொடும்போதுதான் வரும். ஆக, பிறந்த தேதி ஒன்றாக இருந்தாலும் உடம்பின் வயதில் மூன்று நான்கு வருட வித்தியாசம் இருக்க முடியும். போதாததற்கு, வயதுப் பிரிவைப் பிறந்த ஆண்டை வைத்துப் பிரிப்பதால் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள்.

இதில் சைக்கிளின் எடை வேறு. 13 கிலோ சைக்கிள், 70 கிலோ ஆளுக்கு அவர் எடையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. 38 கிலோ பிள்ளைக்கு அது மூன்றில் ஒரு பங்கு! மேடேறும்போது அதையும் சேர்த்துத்தான் இழுக்க வேண்டும். கிலோவுக்கு இத்தனை வாட்ஸ் என்று ரிப்போர்ட் போடுபவர்கள் பெரும்பாலும் உடம்பின் எடையால் மட்டும்தான் வகுக்கிறார்கள். சின்னப் பிள்ளை மேட்டில் பின்தங்குவதற்கு இதுவே போதும், சோம்பேறித்தனம் காரணமாக இருக்க வேண்டியதில்லை.

சரி, பந்தயம் என்ன கேட்கிறது என்று பார்ப்போம். மவுண்டன் பைக்கில் கிராஸ் கன்ட்ரி என்பது மேடும் இறக்கமுமான கரடுமுரடான பாதையைச் சுற்றிச் சுற்றி ஓட்டும் பந்தயம். அது பெரியவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், இளையவர்களுக்கு அதைவிடக் குறைவு. அந்த நேரம் முழுக்க இதயம் அதன் உச்சத் துடிப்பில் சராசரியாக 90 விழுக்காட்டை ஒட்டியே ஓடுகிறது என்று பந்தய வீரர்களை அளந்து பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். தொடக்கத்தில் பாதை குறுகுவதற்குள் முன்னால் போயாக வேண்டும், அதற்கு ஒரு வெறிப்பாய்ச்சல். அப்புறம் ஒவ்வொரு சிறு மேட்டிலும் சில நொடிகள் மூச்சு முட்ட மிதிக்க வேண்டும். இறக்கத்தில் கால் ஓய்ந்தாலும் துடிப்பு அவ்வளவாக இறங்காது, ஏனென்றால் குலுக்கல் முழுவதையும் கையும் தோளும் முதுகும் வாங்கிக்கொண்டிருக்கும். ஆக்சிஜனை உடம்பு எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்பது முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் நிலையாக நிற்கும் சைக்கிளில் உட்கார்ந்து மிதித்து எடுக்கும் எண்ணில் இவ்வளவும் அடங்காது.

நம் ஊரில் இது இன்னும் உண்மை. இங்கே ஆக உயரமான குன்றான புக்கிட் தீமாவே 164 மீட்டர்தான். அரை மணி நேரம் ஒரே சீராக ஏறும் மேடு கிடையாது. முக்கி ஏறு, இறங்கு, திரும்ப ஏறு. ஒரு பாய்ச்சலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் எவ்வளவு சீக்கிரம் மூச்சு திரும்புகிறது என்பதுதான் கேள்வி. இந்தப் புழுக்கத்தில் வியர்வை காயாமல் உடம்பில் வழிந்துகொண்டே இருப்பதால் சூடு சரியாக வெளியேறாது, அதே வேகத்துக்குத் துடிப்பு மேலே போகும். குளிர் நாட்டுப் பயிற்சித் திட்டத்தை இறக்கி, அதில் உள்ள துடிப்பு எண்ணைப் பிள்ளையின் கடிகாரத்தோடு ஒப்பிட்டுக் கவலைப்படுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

நான் சொன்ன அந்தச் சின்னப் பையனை ஒரு நாள், மழை விட்ட காலையில், வேர்கள் குறுக்கே ஓடும் ஒரு சரிவில் பார்த்தேன். ஈர வேர் சோப்பு தேய்த்த மாதிரி வழுக்கும். அவன் சரிவு தொடங்குவதற்கு முன்பே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டான். இரண்டு பெடலும் சமமாக, பிட்டம் இருக்கையைவிட்டு எழும்பி, முழங்கை வெளியே மடங்கி இருந்தது. வேருக்கு மேல் போகும்போது பிரேக்கிலிருந்து விரலை எடுத்துவிட்டான். பார்வை சக்கரத்தின் மேல் இல்லை, வளைவு முடியும் இடத்தில் இருந்தது. பின்னால் வந்த உயரமான பையன் வேரின் மேலேயே பின் பிரேக்கைப் பிடித்தான். சக்கரம் வழுக்கியது, காலை ஊன்றி நின்றான், பிறகு நின்ற இடத்திலிருந்து மறுபடி மிதிக்க வேண்டியதாகிவிட்டது. அப்படி ஒவ்வொரு தடவை நின்று கிளம்பும்போதும் ஒரு பாய்ச்சலுக்கான தெம்பு வீணாகிறது. இப்போது அவனிடம் தெம்பு நிறைய இருப்பதால் ஜெயித்துவிடுகிறான். எல்லோரும் வளர்ந்து முடித்த பிறகு யார் கை ஓங்கும் என்று எந்த ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொல்வது?

பெரியவர்களுக்கே இப்படித்தான். 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கின் மவுண்டன் பைக் பந்தயத்தில் நெதர்லாந்து வீரர் மத்தியூ வான் டெர் போல்தான் ஜெயிப்பார் என்று பலர் எதிர்பார்த்தார்கள். அவ்வளவு பலசாலி. முதல் சுற்றிலேயே ஒரு பாறை இறக்கத்தில் விழுந்தார். பயிற்சியின்போது இறங்குவதற்காக அங்கே வைத்திருந்த சாய்வுப் பலகை பந்தயத்தன்று எடுக்கப்பட்டுவிட்டது, அவர் அது இருக்கும் என்று நம்பி இறங்கிவிட்டார். பிறகு பந்தயத்தைவிட்டே விலகினார். தங்கம் வாங்கியது பிரிட்டனின் 21 வயது டாம் பிட்காக், சின்ன உடம்புக்காரர்.

எனக்கு மிகவும் கோபம் வரும் விஷயத்துக்கு வருகிறேன். எடை. கிலோவுக்கு இத்தனை வாட்ஸ் என்ற கணக்கில் எண்ணைக் கூட்ட இரண்டு வழி உண்டு: பலத்தைக் கூட்டு, அல்லது எடையைக் குறை. இரண்டாவது வழி சுலபமாகத் தெரிகிறது. "ராத்திரி சோறு வேண்டாம்மா" என்று 14 வயதுப் பெண்ணிடம் சொல்லும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். பருவமடைந்த பெண்ணின் உடம்பில் கொழுப்பு கூடுவது இயற்கை. கொஞ்ச காலம் மேட்டில் அவள் வேகம் குறையலாம். அந்த நேரத்தில் சாப்பாட்டைக் குறைத்தால் மாதவிடாய் தள்ளிப்போகும், நின்றேபோகும். எலும்பு பலவீனமாகி, நோகும், விரிசல் விடும். அனைத்துலக ஒலிம்பிக் குழு 2014-லேயே இதற்கு ஒரு தனிப் பெயர் வைத்து எச்சரித்துவிட்டது. ஆண்பிள்ளைகளுக்கும் இது வரும். வளரும் பிள்ளையின் தட்டில் கைவைக்க எந்தக் கோப்பைக்கும் தகுதி கிடையாது.

வேகமாக உயரும் மாதங்களில் நேற்றுவரை நன்றாக ஓட்டிய பிள்ளை திடீரென்று தடுமாறும். கைகால் நீண்டுவிட்டது, மூளை இன்னும் பழைய அளவிலேயே கணக்குப் போடுகிறது. முன்கை எலும்பு முறிவுகள் அதிகம் நடப்பதும் அந்தக் காலத்தில்தான். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, எலும்பு புடைத்திருக்கும் இடத்தில் வலி என்று சொன்னால், பயிற்சியிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறான் என்று நினைக்காதீர்கள். அது ஆஸ்குட் ஷ்லாட்டர் என்று பெயருள்ள, வளர்ச்சியோடு வரும் வலியாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள். இருக்கையின் உயரத்தையும் அடிக்கடி சரிபாருங்கள், நாலு மாதத்துக்கு முன் வைத்த அளவு இப்போது பொருந்தாது.

அப்படியானால் டெஸ்டே வேண்டாமா? எடுக்கலாம். ஆனால் பிள்ளையை அதே பிள்ளையோடு மட்டும் ஒப்பிடுங்கள், போன பள்ளித் தவணையில் எப்படி, இப்போது எப்படி என்று. கூடவே உயரத்தையும் குறித்து வையுங்கள், எண் ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று பாதி அதிலேயே தெரிந்துவிடும். பள்ளியில் எடுக்கும் நாஃபா உடற்தகுதித் தேர்வில் 2.4 கிலோமீட்டர் நன்றாக ஓடினால் சந்தோஷம், நுரையீரல் நன்றாக இருக்கிறது. ஈர வேரில் சைக்கிளை இறக்க அது கற்றுத்தராது.

பந்தயம் நடத்துபவர்களிடமும் ஒரு வேண்டுகோள். 14 வயதுக்குக் கீழ் எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்தி விசில் அடிக்காமல், ஒருவர் பின் ஒருவராக நேர இடைவெளிவிட்டுக் கிளப்புங்கள். பெரிய உடம்புக்காரர்கள் முதல் ஐம்பது மீட்டரில் பாதையை அடைத்துவிட்டால் பின்னால் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் தங்கள் திறமையைக் காட்டவே முடிவதில்லை. இங்கிலாந்துக் கால்பந்து அகாடமிகளில் வயதைப் பார்க்காமல் உடல் வளர்ச்சியைப் பார்த்து அணி பிரித்து ஆடவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். இங்கே ஒரு பயிற்சி நாளிலாவது அதை முயன்று பார்க்கலாம்.

இன்னொன்று. பாதையில் ஓட்டும் நேரம்தான் திறமை, அந்த நேரம் எல்லாப் பிள்ளைக்கும் கிடைப்பதில்லை. 2010-இல் இளையர் ஒலிம்பிக்கின் மவுண்டன் பைக் பந்தயம் நடந்த தெம்பனிஸ் சைக்கிள் பூங்கா 2014-இல் மூடப்பட்டுவிட்டது. புலாவ் உபின் தீவில் இருக்கும் கேத்தாம் மவுண்டன் பைக் பூங்காவுக்கு சாங்கியிலிருந்து படகேற வேண்டும். எம்ஆர்டி ரயிலில் மடக்கும் சைக்கிளுக்கு மட்டும்தான் அனுமதி. வீட்டில் கார் இல்லாத பிள்ளை செங்காங்கிலிருந்து செஸ்ட்நட்டுக்கு எப்படி வரும்? எங்களிடம் ஒரு வேன் இருக்கிறது, பின்னால் நாலு சைக்கிள் ஏற்றலாம். சனிக்கிழமை காலையில் வட கிழக்குப் பக்கமிருந்து வர விரும்பும் பிள்ளைகளின் பெற்றோர் இன்பாக்ஸில் எழுதுங்கள். பிள்ளையின் உயரத்தையும் சொல்லுங்கள், சைக்கிள் இல்லையென்றால் அளவு பார்த்து இரவல் ஏற்பாடு செய்கிறேன். டெஸ்ட் ரிப்போர்ட் தேவையில்லை.