ரசிகர்கள்தானே, சும்மாவே வருவார்கள்

மலேசியாவுக்கு வரும் ஒரு வெளிநாட்டு இசைக்குழுவின் நிகழ்ச்சிக்குச் சும்மா வேலை செய்ய ரசிகர்களைக் கூப்பிடும் அந்த அறிவிப்பை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பாதிப் பேர் எனக்கே அனுப்பி வைத்தீர்கள். 'உண்மையான ரசிகர்களுக்கு ஓர் அரிய வாய்ப்பு!' காலை எட்டு மணிக்கு வந்துவிட வேண்டும். நிகழ்ச்சி முடிந்து கடைசிப் பெட்டி லாரியில் ஏறும்வரை நிற்க வேண்டும். சம்பளம் கிடையாது. ஒரு டி-ஷர்ட், ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோறு, கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டை. அட்டையைத் திருப்பித் தந்துவிட வேண்டுமாம். அதை மட்டும் மறக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

நான் கேட்டது ஒரே கேள்விதான்: டிக்கெட்டுக்குக் காசு வாங்குகிறீர்கள், வேலைக்கு ஏன் காசு கொடுக்கமாட்டீர்கள்? அதற்குத்தான் இத்தனை கூத்து. "அக்கா, உண்மையான ரசிகன் காசு கேட்கமாட்டான்" என்று ஒரு தம்பி பாடம் நடத்துகிறார். பொறாமை என்கிறார் இன்னொருவர். வயதாகிவிட்டது என்கிறார் மூன்றாமவர். அது உண்மைதான், முட்டி வலிக்கிறது. ஏன் வலிக்கிறது என்பதையும் சொல்கிறேன்.

பொறுமையாகவே சொல்கிறேன். ஓர் இசைக்குழுவை நேசிப்பது வேறு, அதற்கு வேலை செய்வது வேறு. நேசிக்கிறார் என்பதற்காக ஒருவருடைய கூலி குறைந்துவிடாது. சந்தேகம் இருந்தால் டிக்கெட் விற்கும் இடத்தில் போய், 'நான் பள்ளிக்கூட நாளிலிருந்து இவர்கள் ரசிகன்' என்று சொல்லிப் பாருங்கள். ஒரு ரிங்கிட் குறைப்பார்களா? நாம் வாங்கும்போது அன்புக்குத் தள்ளுபடி இல்லை. நாம் உழைக்கும்போது மட்டும் முழுத் தள்ளுபடி.

இன்னொன்றை இந்தத் தம்பிகளுக்கு யாரும் சொல்வதில்லை. மேடைக்குப் பின்னால் நிற்பவருக்குப் பாட்டே ஒழுங்காகக் கேட்காது. பெரிய ஒலிபெருக்கிகள் எல்லாம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கும். பின்னால் வந்து சேர்வது டிரம்ஸ் அடியும் வயிற்றை உலுக்கும் ஒரு முழக்கமும்தான். முன்பாவது பாடகருக்காகத் தரையில் வைத்த பெட்டியிலிருந்து குரல் கொஞ்சம் கசியும். இப்போது அவர்கள் காதுக்குள்ளேயே கருவி மாட்டிக்கொள்வதால் அதுவும் போயிற்று. இதெல்லாம் மேடைப் பக்கம் விட்டால்தான். சும்மா வந்தவரை எங்கே நிறுத்துவார்கள் என்று நினைக்கிறீர்கள்? கார் நிறுத்துமிடத்தில்.

எனக்கெப்படித் தெரியும் என்றால், நான் ஒலி அமைப்பு வேலை பார்த்தவள். பெட்டி தூக்கித்தான் முட்டி போனது. பினாங்கு பட்டர்வொர்த்தில் ஓர் அண்ணனிடம் தொழில் கற்றேன். முதல் நாள் அவர் சொல்லிக்கொடுத்தது ஒயர் சுற்றுவது. முழங்கையில் சுற்றினால் உள்ளே செம்பு இழை முறுக்கிக்கொண்டு, ஒருநாள் பாட்டின் நடுவே அறுந்துவிடும். ஒரு வளையம் நேராக, அடுத்தது உள்பக்கமாகத் திருப்பி, மீண்டும் நேராக. அப்படிச் சுற்றிய ஒயரை ஒரு முனையைப் பிடித்து வீசினால் சிக்கில்லாமல் நீண்டு போய் விழும். கை பழகவே மாதக்கணக்காகும். இதைத்தான் 'ரசிகர்கள் சேர்ந்து ஜாலியாகச் செய்யலாம்' என்று எழுதியிருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் ஒரு தமிழ் ராக் குழு இருந்தது. பெயர் வேண்டாம். அவர்கள் பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம். காசு பேசாமல் அவர்களுக்காகப் பெட்டி தூக்கினேன், விடிய விடிய ஒயர் சுற்றினேன். ஒருநாள் கிதார் வாசிப்பவர் என்னை வேறொரு ஏற்பாட்டாளரிடம் அறிமுகப்படுத்தினார். நல்ல வேலைக்காரி என்று சொல்வார் என்று நின்றுகொண்டிருந்தேன். "இவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், காசெல்லாம் கேட்கமாட்டார்" என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. தெரிந்திருந்ததா என்பதும் சந்தேகம். அதன் பிறகு நெடுநாள் அவர்கள் பாட்டு எங்கே ஒலித்தாலும் எனக்கு அந்த ஒரு வாக்கியம்தான் கேட்டது.

ஆகவே 2013 ஆகஸ்டில் அமெரிக்க ராக் குழு மெட்டாலிக்கா கோலாலம்பூர் ஸ்டேடியம் மெர்டேக்காவுக்கு வந்தபோது, தெரிந்தவர்கள் வேலைக்குக் கூப்பிட்டும் நான் போகவில்லை. அதுவும் கூலி வேலைதான். ஆனாலும் டிக்கெட் வாங்கிக்கொண்டு, கூட்டத்தில் நசுங்கி, தொண்டை கட்டக் கத்திவிட்டு வந்தேன். அதே குழுவில் 1986இல் பாஸ் கிதார் வாசிக்கச் சேர்ந்த ஜேசன் நியூஸ்டெட் அவர்களுடைய தீவிர ரசிகர். 1988இல் வந்த ஆல்பத்தில் அவர் வாசித்தது காதில் விழாத அளவுக்கு அடக்கி வைத்தார்கள். 2001இல் விலகினார். குழுவுக்குள்ளேயே போன ரசிகருக்கு இந்த மரியாதை. கார் நிறுத்துமிடத்து ரசிகருக்கு என்ன கிடைக்கும்?

மால் எவன்ஸ் கதையையும் படியுங்கள். லிவர்பூலில் தொலைபேசிப் பொறியாளராக நிலையான வேலையில் இருந்தவர், பீட்டில்ஸ் பாட்டில் மயங்கி, அவர்களுக்கு வேன் ஓட்டிப் பெட்டி தூக்கும் ஆளாகிப் போனார். 1963 ஜனவரிக் குளிரில் லண்டனிலிருந்து திரும்பும்போது வேனின் முன்கண்ணாடி நொறுங்கியது. மிச்சக் கண்ணாடியைக் குத்தித் தள்ளிவிட்டு, பனிக்காற்று முகத்தில் அறைய, ஊர்வரை ஓட்டினார். பின்னால் நால்வரும் குளிர் தாங்காமல் ஒருவர்மேல் ஒருவராகப் படுத்திருந்தார்கள். உலகத்தின் மிகப் பெரிய குழுவுக்கு வேலை பார்த்த அந்த மனிதர், கையில் காசில்லை என்று நாட்குறிப்பில் எழுதிக்கொண்டிருந்தார்.

'ஒயாசிஸ் குழுவின் நோயல் கேலகர்கூட முன்பு இன்னொரு குழுவுக்குப் பெட்டி தூக்கித்தான் பெரிய ஆளானார்' என்று ஒருவர் கிளம்புவார். அவர் சம்பளத்துக்குத் தூக்கினார், ஐயா. 'அனுபவம் கிடைக்குமே' என்பவருக்கு: அனுபவத்தைக் கொடுத்தால் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் யாரும் சோறு போடமாட்டார்கள்.

'தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தலில் சும்மாதானே நிற்கிறீர்கள்?' இதைக் கேட்டவரிடம்தான் எனக்கு உண்மையிலேயே கோபம். ஆமாம், நிற்கிறேன். பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போகும் சாலையில் விடியும்வரை மோர் ஊற்றுகிறேன். அங்கே யாரும் டிக்கெட் விற்கவில்லை. முன்வரிசைக்கு ஒரு விலை, பின்வரிசைக்கு ஒரு விலை என்று முருகன் வைக்கவில்லை. அங்கே நான் கொடுப்பதை எடுத்து வேறொருவர் வங்கியில் போட்டுக்கொள்வதில்லை. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர் அறியாமல் பேசவில்லை. நம்மிடம் அந்தச் சொல் எடுபடும் என்று தெரிந்தே பேசுகிறார்.

எடுபடத்தான் செய்கிறது. மண்டபத்து விருந்தோ கலை இரவோ, 'நம் பிள்ளைதானே' என்றுதான் ஆரம்பிப்பார்கள். சமையல்காரருக்கு முன்பணம், பூக்காரருக்கு ரொக்கம், ஒலி அமைப்பாளருக்கு மட்டும் 'அடுத்த வாரம் பார்க்கலாம்'. வெளிநாட்டுக் குழு வந்ததும் புதிதாக ஆரம்பித்த வழக்கமா இது?

2012இல் அமெரிக்கப் பாடகி அமண்டா பால்மர் ரசிகர்களிடமிருந்து ஏறக்குறைய 12 லட்சம் டாலர் திரட்டிவிட்டு, போகும் ஊர்களில் பீருக்கும் அணைப்புக்கும் வாசிக்க வாருங்கள் என்று இசைக்கலைஞர்களை அழைத்தார். ஊரே திட்டியது. கடைசியில் காசு கொடுத்தார். திட்டினால் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான் விஷயம்.

என் மாமா அலிகேட்ஸ் குழுவின் ரசிகர். பினாங்குத் தமிழ்ச் சகோதரர்கள் மலாய்ப் பாட்டில் நாட்டையே ஆண்டார்கள் என்பதில் அவருக்குச் சொந்தப் பெருமை. 2007இல் அந்தச் சகோதரர்களில் ஒருவரான லோகநாதன் காலமான அன்று மாமா கடை திறக்கவில்லை. அவர் ஒருநாளும் மேடைக்குப் பின்னால் போனதில்லை, அட்டை மாட்டியதில்லை. அவரைப் போலி ரசிகர் என்று சொல்லிப் பாருங்கள் தம்பி, நேரில் வந்து.

நானும் இந்த நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கிவிட்டேன், முழு விலைக்கு. பொறாமை என்று எழுத வருகிறவர்கள், அந்த அறிவிப்பைப் போட்ட முதலாளி அன்று டி-ஷர்ட்டுக்குத்தான் வேலை செய்கிறாரா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.