எல்லாம் ஒண்ணுதான் அண்ணாச்சி

வண்டி என்ன வருஷம் என்று இனி ஒருத்தன் கேட்கட்டும், அப்புறம் இருக்கிறது.

மூணு வாரமாக என் என்ஃபீல்டு பைக், தண்டர்பேர்டு 350, செங்கோட்டை வீட்டுத் திண்ணையோரம் சாக்கைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. கோளாறு ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில், காற்றுவழியைத் திறந்து மூடும் பட்டர்ஃப்ளைத் தகடு சுழலும் ஷாஃப்ட் தேய்ந்து, அது உட்காரும் துளையும் அகண்டுவிட்டது. அந்த இடுக்கில் காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது, ஸ்லோ, அதாவது ஆக்ஸிலேட்டர் கொடுக்காமல் ஓடும் ஓட்டம், நிற்க மாட்டேன் என்கிறது. ரிப்பேர் கிட்டுக்கெல்லாம் அடங்காது, முழுசாக மாற்றணும். சரி, மாற்றிவிடலாம் என்று கிளம்பினேன். அன்றைக்குப் பிடித்தது சனி.

தென்காசியில் ஒரு கடை. பழைய கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோலை வடித்து, மஞ்சப்பையில் போட்டுக் கையோடு கொண்டுபோயிருக்கிறேன். கவுண்டரில் வைத்தேன். ஆள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "என்ன வருஷம்?" 2010 என்றேன். உள்ளே போய் ஒரு டப்பாவோடு வந்தார். திறந்தால், தலையில் மூடி, மூடி நடுவே கேபிள் போகும் துளை. பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் 350-க்கு வந்த விஎம்24 ரகம்! அதில் கேபிளே, காற்றுவழியை மறிக்கும் ஸ்லைடைத் தூக்கும். என்னுடையது 29 மில்லி வாய் உள்ள சிவி ரகம். இதில் கேபிள் பக்கவாட்டில் பட்டர்ஃப்ளையைத் திருப்பும், அவ்வளவுதான். ஸ்லைடைத் தூக்குவது என்ஜின் இழுக்கும் வாக்குவமும் ரப்பர் டயாஃப்ரமும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பால்வாடிப் பிள்ளை சொல்லும் வேறவேற என்று. அவர் சொல்கிறார்: "எல்லாம் ஒண்ணுதான் அண்ணாச்சி, செட் ஆயிரும்."

அடுத்த கடையில், "350-ஆ, 500-ஆ? 500-க்கும் இருக்கு" என்றார்கள். தண்டர்பேர்டு 500 வந்ததே கார்புரேட்டர் இல்லாத எஃப்ஐயில், அதாவது ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனில். இல்லாத கார்புரேட்டருக்கு ஸ்டாக் வைத்திருக்கிறார்கள், மகராசன்கள்.

வருஷத்தை வைத்து என்னத்தைக் கண்டுபிடிப்பீர்கள்? 2002-ல் இந்தப் பெயரில் முதலில் வந்தது ஏவிஎல் என்ஜின். பிறகு அதே பெயரில் ட்வின்ஸ்பார்க், என்ஜினே வேற. ஆர்சி புக்கில் தயாரித்த மாதமும் வருஷமும் இருந்தாலும், கார்புரேட்டர் எது என்று அதில் இருக்காதே! கண்ணெதிரே பழசு கிடக்கிறது. வாய் அளவு, பொறித்த எழுத்து, சோக் லீவர் எந்தப் பக்கம், எல்லாம் அதிலேயே இருக்கிறது. துணியால் ஒரு துடை துடைத்துப் படித்தால் என்ன, கை தேய்ந்துவிடுமா?

வெறுத்துப்போய் ஆன்லைனில் ஒன்று வாங்கினேன். அச்சு அசலாக அதே முகம். மாட்டியதும் ஸ்லோ நின்றது. அந்தச் சந்தோஷத்தில் புளியரை தாண்டி ஆரியங்காவுக்கு ஏறினேன், சாரல் வேறு. மூணாவது கியரில் பாதி த்ராட்டில் தாண்டியதும் வண்டிக்கு இருமல். பின்னால் லாரிக்காரன் ஹார்னில் இருந்து கையை எடுக்கவில்லை. ஓரங்கட்டி பிளக்கைக் கழற்றினால் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கிறது. பெட்ரோல் போதவில்லை. வீட்டுக்கு வந்து கார்புரேட்டரின் அடிக்கிண்ணமான பவுலைத் திறந்து, கண்ணாடி போட்டு, டார்ச் அடித்து, பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டைத் தேடினேன். பழைய ஜெட்டின் தலையில் பொடி எழுத்தில் நம்பர் வெட்டியிருக்கும். இதில் வழவழவென்று பித்தளை, நம்பரும் இல்லை ஒன்றும் இல்லை. சரி, பழைய ஜெட்டையாவது மாட்டுவோம் என்றால் மரை ஒத்துவரவில்லை. விற்றவனிடம் கேட்டால் பதில் வருகிறது: "உங்கள் வண்டி எந்த வருஷம், சார்?"

நேற்று பஸ் ஏறிப் புனலூர் போனேன். அங்கே ஒரு மெக்கானிக் மட்டும்தான் பழசைக் கையில் வாங்கி, புரட்டி, வேட்டி நுனியால் துடைத்து எழுத்தைப் படித்தார். காலில் விழலாம் போல இருந்தது. ஒரு சீட்டில் குறித்துக்கொடுத்து எதிர்க்கடைக்கு அனுப்பினார்.

எதிர்க்கடைக்காரர் சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏதா வர்ஷம், சேட்டா?"