அப்பாவின் மேசை டிராயர்

போன வாரம் அப்பாவின் மேசை டிராயரைச் சுத்தம் செய்யலாம் என்று உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் தோற்று எழுந்துவிட்டேன். உள்ளே ரப்பர் பேண்டுகளைச் சுற்றிச் சுற்றிச் செய்த ஒரு உருண்டை. மை தீர்ந்த பேனாக்கள். எந்தப் பூட்டுக்கு என்று தெரியாத சாவிகள். துண்டு நூல்களை முடிச்சுப் போட்டுச் சேர்த்த ஒரு நூல்கண்டு. ஒரு பக்கம் மட்டும் அச்சான தாள்களை வெட்டி, துளையிட்டுக் கோத்த குறிப்புப் புத்தகங்கள் நான்கு.

"இதெல்லாம் எதுக்குப்பா?"

"இருக்கட்டும். எதுக்காவது ஆகும்."

அப்பாவுக்கு இப்போது 82 வயது. கஞ்சன் என்று சொன்னால் அது பொய். என் படிப்புக்குச் செலவழித்தபோது அவர் கணக்குப் பார்த்ததே இல்லை. ஆனால் ஒரு முழம் நூலைத் தூக்கிப்போட அவர் கைக்கு மனசு வராது. அவர் சிறுவனாக இருந்தபோது வீட்டில் ஒரு பொருள் தீர்ந்தால் அடுத்தது எப்போது வரும் என்று பெரியவர்களுக்கே தெரியாது. அந்தக் கேள்விக்கு அவர் கண்டுபிடித்த விடைதான் அந்த டிராயர். கேள்வி போய்ச் சேர்ந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. விடை இன்னும் நூல்கண்டாக உட்கார்ந்திருக்கிறது.

தலைமுறை இடைவெளி என்று நாம் அடித்துக்கொள்வதில் முக்கால்வாசி இதுதான் என்பது என் கட்சி. ஒரு காலத்தில் சரியாக இருந்த விடையை, கேள்வி தெரியாத இன்னொருவர் பார்த்துச் சிரிப்பது.

இதைப் பற்றி 1928 இலேயே ஒரு நீண்ட கட்டுரை எழுதிவிட்டார் கார்ல் மன்ஹெய்ம் என்ற சமூகவியலாளர். ஒரே ஆண்டில் பிறந்ததால் மட்டும் இரண்டு பேர் ஒரே தலைமுறை ஆகிவிட மாட்டார்கள் என்பது அவர் வாதம். 1800 வாக்கில் சீனாவிலும் இளைஞர்கள் இருந்தார்கள், ஜெர்மனியிலும் இருந்தார்கள். வயது ஒன்று என்பதற்காக இருவரையும் ஒரே தலைமுறை என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்றார். ஒரே நிகழ்வுகளில் சேர்ந்து மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதுவும் கிட்டத்தட்ட 17 வயதை ஒட்டி, மனிதன் தானாக யோசிக்கத் தொடங்கும் சமயத்தில். நினைவாற்றலை ஆராய்பவர்கள் சொல்வதும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. நாற்பதைத் தாண்டியவர்களிடம் பழைய ஞாபகம் ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டால், 10 வயதிலிருந்து 30 வயதுக்குள் நடந்தவைதான் வரிசை கட்டி வருமாம். வீட்டுப் பெரியவர்கள் ஒரே நான்கு கதையைத் திருப்பித் திருப்பிச் சொல்வதற்கு அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

ஆனால் 'கஷ்டம் பார்த்த தலைமுறை உறுதியானது, சுகம் பார்த்த தலைமுறை சொங்கி' என்று ஒரு சூத்திரம் சுற்றுகிறதே, அதை என்னால் விழுங்க முடியவில்லை. கிளென் எல்டர் என்பவரின் ஆய்வு ஒன்று உண்டு. 1929 இல் தொடங்கிய பெரும் பொருளாதார வீழ்ச்சி குழந்தைகளை என்ன செய்தது என்று பார்த்த ஆய்வு. அமெரிக்காவின் ஓக்லாந்தில் 1920, 1921 ஆண்டுகளில் பிறந்த 167 பேரைப் பற்றி அவர் 1974 இல் எழுதினார். வீட்டு வருமானம் சரிந்தபோது அவர்கள் பத்து வயதை ஒட்டியவர்கள். பையன்கள் சின்னச் சின்ன வேலைக்குப் போனார்கள், பெண்கள் வீட்டைத் தாங்கினார்கள். 'நான் இல்லாமல் இந்த வீடு ஓடாது' என்ற எண்ணம் வந்துவிட்டது. பெரியவர்களானதும் அவர்களில் பெரும்பாலோர் நன்றாகவே நிமிர்ந்து நின்றார்கள்.

சரி, கஷ்டம் நல்லதுதானே என்று முடித்துவிடலாமா? பக்கத்து ஊரான பெர்க்லியில் 1928, 1929 இல் பிறந்த குழந்தைகளையும் அவர் பிறகு எடுத்துப் பார்த்தார். அதே வீழ்ச்சி, அதே மாதிரி குடும்பங்கள். ஆனால் இவர்கள் அப்போது கைக்குழந்தைகள். வேலைக்குப் போய் வீட்டைத் தாங்கும் வயது இல்லை; அப்பாவின் கோபத்தையும் அம்மாவின் அழுகையையும் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும் வயது. நொடித்த குடும்பங்களின் பையன்கள் பதின்ம வயதை எட்டும்போது தன்னம்பிக்கை குறைந்து, படிப்பிலும் பின்தங்கி இருந்தார்கள். பலர் பின்னாளில் தேறினார்கள் என்பது உண்மை. ராணுவத்தில் சேர்ந்தது அதற்கு ஒரு வழியாக இருந்தது.

ஏழெட்டு வருட வித்தியாசம்தான். ஒரே புயல் ஒருவனுக்குத் தோள் கொடுக்கக் கற்றுத் தருகிறது, இன்னொருவனை ஒடுக்கிப் போடுகிறது. 'கஷ்டம் அவர்களை உருவாக்கியது' என்று யாராவது பெருமையாகச் சொன்னால், எத்தனை வயதில் வந்த கஷ்டம் என்று நான் கேட்பது இதனால்தான்.

பணத்திலும் இந்தத் தழும்பு தெரிகிறது. உல்ரிக்கே மால்மெண்டியர், ஸ்டெஃபான் நாகெல் என்ற இரு பொருளியலாளர்கள் 2011 இல் காட்டியது: வாழ்நாளில் பங்குச்சந்தையின் மோசமான காலத்தை அதிகம் பார்த்தவர்கள், பிறகும் அந்தப் பக்கம் போகத் தயங்குகிறார்கள். புள்ளிவிவரத்தை எடுத்து முன்னால் வைத்து எவ்வளவு விளக்கினாலும் 'எனக்கு வேண்டாம்பா' என்கிற அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரிகிறதா?

தலைமுறைகளுக்கு ஒட்டும் பெயர்ச்சீட்டுகள் வேறு. பூமர், மில்லேனியல், ஜென் இசட். 1946 முதல் 1964 வரை பிறந்தவர்கள் பூமர் என்பதற்காவது ஒரு அடிப்படை உண்டு. போருக்குப் பிறகு அமெரிக்காவில் பிறப்பு எண்ணிக்கை எகிறி, பிறகு இறங்கியது. மற்ற கோடுகள் பெரும்பாலும் பென்சிலால் போட்டவை. 1996 டிசம்பர் கடைசி நாளில் பிறந்தவர் மில்லேனியல், மறுநாள் காலையில் பிறந்தவர் ஜென் இசட். ஜோசியம்கூட இதைவிடக் கொஞ்சம் யோசித்துச் சொல்லும். இந்தப் பெயர்களைப் பரப்பியதில் பெரும்பங்கு அமெரிக்காவில் கருத்துக்கணிப்புகள் நடத்தும் பியூ ஆய்வு மையத்துக்கு உண்டு. அவற்றைக் கைவிடச் சொல்லி 150க்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் 2021 இல் அந்த மையத்துக்கே கடிதம் எழுதினார்கள். 2023 இல் மையமும் இனி பார்த்துத்தான் பயன்படுத்துவோம் என்று அறிவித்தது. நாம்தான் இன்னும் விடவில்லை.

இளைஞர்களைத் திட்டி சாக்ரடீஸ் சொன்னதாக ஒரு மேற்கோள் அடிக்கடி வாட்ஸ்அப்பில் வரும், பார்த்திருப்பீர்கள். சாக்ரடீஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கென்னத் ஃப்ரீமன் என்ற ஆய்வு மாணவர், பழங்கால கிரேக்கர்கள் இளைஞர்களைப் பற்றிப் புலம்பியதைத் தன் சொற்களில் தொகுத்து எழுதி, 1907 இல் அச்சில் வந்தது அது.

இந்தப் புலம்பல் எங்கிருந்து பிறக்கிறது என்பதற்கு, புரோட்ஸ்கோ, ஸ்கூலர் என்ற இரு உளவியலாளர்கள் 2019 இல் வெளியிட்ட ஆய்வு எனக்குப் பிடித்தது. நிறையப் படிக்கிறவர்கள் 'இந்தக் காலப் பிள்ளைகள் படிப்பதே இல்லை' என்கிறார்கள். அதிகாரத்துக்கு மரியாதை தருகிறவர்கள் 'மரியாதையே இல்லை' என்கிறார்கள். அவரவர் எதில் கெட்டியோ அதில்தான் பிள்ளைகள் மோசமாகத் தெரிகிறார்கள். இன்று நாம் இருக்கும் விதத்தை எடுத்து அன்றைய பிள்ளைகள் எல்லோர் மேலும் பூசிவிடுகிறோம். நானும் 'நாங்க எல்லாம் புத்தகம் படிச்சு வளர்ந்தவங்க' என்று மகளிடம் பீற்றிக்கொள்வேன். யோசித்துப் பார்த்தால் என் வகுப்பில் இருந்த 40 பேரில் கதைப்புத்தகம் தொட்டவர்கள் நாலு பேர் தேறினால் அதிகம்.

இரண்டு மாதம் முன்பு மகள் வெளியூர் போயிருந்தபோது அவள் போன் அணைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா தன் போனைக் கொடுத்திருக்கிறார். இவளுக்கு ஒரு எண்கூடத் தெரியவில்லை. என் எண்ணும் தெரியாது. மூன்று மணி நேரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்: "உன் வயசுல எனக்கு முப்பது நம்பர் மனப்பாடம்!"

நாற்காலியில் இருந்த அப்பா பேப்பரைத் தாழ்த்தினார்.

"பதினேழு பதிமூணு எவ்வளவு?"

என் கை தானாகப் போனுக்குப் போனது.

"இருநூத்தி இருபத்தொண்ணு," என்றார் அப்பா. "உன்னை நான் அப்பவே இப்படித் திட்டியிருக்கணும்."

மகள் சிரித்த சிரிப்பை இங்கே எழுத முடியாது.

அப்புறம் அவர் எழுந்துபோய், டிராயரிலிருந்த குறிப்புப் புத்தகம் ஒன்றிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, என் எண்ணையும் தன் எண்ணையும் பெரிய பெரிய எழுத்தில் எழுதி, பேத்தியிடம் கொடுத்தார். "பர்ஸ்ல வச்சுக்கம்மா."

அவள் வாங்கினாள். மேசையில் வைத்து, போனை எடுத்து ஒரு படம் பிடித்துக்கொண்டாள். தாளை அவரிடமே நீட்டினாள். "தேங்க்ஸ் தாத்தா. இது வேணுமா, போட்டுடவா?"

அப்பா அவளை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார். தாளை நாலாக மடித்து டிராயருக்குள் வைத்தார்.