பழசானால் விலை இறங்கும் என்று சொன்னேன்

போன ஞாயிற்றுக்கிழமை குடியாத்தத்திலிருந்து அக்கா மகன் வந்திருந்தான். ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. சாப்பிட்டுக் கை கழுவும்போதே கேட்டான்: "இன்னா மாமா, நீ சொன்னா மாதிரி விலை இறங்கவே இல்லியே?"

எனக்குப் பதில் வரவில்லை. 2021 பிப்ரவரியில் சோனியின் பிஎஸ்5 (டிவியில் மாட்டி ஆடும் கேம் மெஷின், பிளேஸ்டேஷன் 5) இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் போடும் மாடலின் விலை 49,990 ரூபாய். அந்த மாதம்தான் அக்காவுக்குச் சீட்டுப் பணம் கைக்கு வந்திருந்தது. பையன் அப்போது பன்னிரண்டாவது. நல்ல மார்க் எடுத்தால் வாங்கித் தருகிறேன் என்று அக்காவே அவனிடம் சொல்லியிருந்தாள். நடுவில் புகுந்தவன் நான். "இப்ப வாங்காதக்கா, மூணு வருஷம் பொறு, முப்பதாயிரத்துக்கு வந்துடும். இந்த மெஷினோட வழக்கமே அதான்" என்றேன். சீட்டுப் பணம் மாடியில் ஒரு ரூம் எழுப்பப் போய்விட்டது. 2022 நவம்பரில் அதே மெஷின் 54,990 ஆனது. தீபாவளிக்குத் தீபாவளி தள்ளுபடி விடுவார்கள், அது வேறு கணக்கு. போட்ட விலை ஏறியதே தவிர இறங்கவில்லை.

போகிற போக்கில் சொன்ன யோசனை இல்லை அது. 2007-லிருந்து 2016 வரை வேலூர் சத்துவாச்சாரியில் கேம் சென்டர் நடத்தியவன் நான். நாலு டிவி, நாலு பிஎஸ்2, மணிக்கு 20 ரூபாய். பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் ஜாமென்ட்ரி பாக்ஸுக்குள் 8 எம்பி மெமரி கார்டை வைத்துக்கொண்டு வருவார்கள். மெஷின் என்னுடையது, கார்டு மட்டும் அவர்களுடையது. நேற்று விட்ட இடத்திலிருந்து ஆட அது போதும். 2012 மின்வெட்டு சமயத்தில் யாருக்கு எத்தனை நிமிஷம் பாக்கி என்று நோட்டுப் போட்டு எழுதி வைப்பேன். கரண்ட் வந்ததும் அந்தப் பையன் எங்கிருந்தாலும் ஓடி வருவான்.

அந்தக் கடையை நான் வைக்க முடிந்ததே விலை இறங்கியதால்தான். 2000-ல் அமெரிக்காவில் பிஎஸ்2 வெளிவந்தபோது 299 டாலர். 2002-ல் 199, 2004-ல் 149, 2006-ல் 129, 2009-ல் 99. சென்னை பர்மா பஜாரில் என் முதல் இரண்டு மெஷின்களைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 2010-ல் அதைவிடக் குறைந்த காசுக்குப் புதுசே கிடைத்தது. பணக்கார நாட்டுப் பையன் ஆடி முடித்து அடுத்ததுக்குப் போன பிறகு, அதே மெஷின் படிப்படியாக இறங்கி வேலூருக்கு வரும். நமக்கு ஐந்தாறு வருஷம் தாமதம். ஆனால் வந்து சேரும்.

ஏன் இறங்கியது? ஒரு காரணம் சிப். பிஎஸ்2-வில் முதலில் கணக்குப் போட ஒரு பெரிய சிப், படம் வரைய இன்னொரு பெரிய சிப் இருந்தன. தயாரிப்பு நுட்பம் நுணுகிப் போகப்போக இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். 2004-ல் வந்த ஸ்லிம் மாடலைக் கையில் வாங்கியபோது, பழைய பெட்டியிலிருந்த சாமான் எல்லாம் எங்கே போயிற்று என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பெட்டி சிறுத்தது, செலவும் குறைந்தது.

இன்னொரு காரணம் போட்டி. எனக்கு இதுதான் பெரிய காரணம். 2002 மே மாதம் சோனி பிஎஸ்2 விலையை 299-லிருந்து 199-ஆக வெட்டியது. மறுநாளே மைக்ரோசாஃப்ட் தன் கேம் மெஷின் எக்ஸ்பாக்ஸையும் 199-க்குக் கொண்டுவந்தது. சில நாளில் நிண்டெண்டோ தன் மெஷின் கேம்கியூபை 149-ஆக்கியது. மூன்று பேரும் ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது.

அதற்கும் முன்னால் 1995 மே மாதம். அமெரிக்காவில் இ3 என்ற வீடியோ கேம் கண்காட்சி. சேகா கம்பெனி மேடையேறி, எங்கள் சாட்டர்ன் மெஷின் இன்றைக்கே கடைக்கு வந்துவிட்டது, விலை 399 டாலர் என்றது. எதிரிக்கு முன்னால் முந்திக்கொண்டோம் என்று நினைத்தார்கள். அன்றே சோனியின் ஸ்டீவ் ரேஸ் மேடைக்கு வந்து, தங்கள் முதல் பிளேஸ்டேஷனின் விலையாக "299" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். கைதட்டல் அடங்கவில்லை. அந்த ஒரு எண்ணில் ஆட்டம் திரும்பியது.

சேகாவை நினைக்கும்போது எனக்கு நம்ம வேலூர்க் கோட்டைதான் ஞாபகம் வரும். இத்தனை பெரிய அகழி, இத்தனை கனமான மதில். 1806 சிப்பாய்க் கலகத்தில் வெள்ளைக்காரனுக்கு ஆபத்து கோட்டைக்குள் இருந்தவர்களிடமிருந்தே வந்தது. சேகாவுக்கும் அப்படித்தான். 1994 நவம்பரில் ஜப்பானில் சாட்டர்ன் வெளியாகிறது. அதே மாதம் அமெரிக்காவில், பழைய மெஷின் மேல் மாட்டிக்கொள்ள 32எக்ஸ் என்று ஒரு சாமானை அதே கம்பெனி விற்கிறது. அதை நம்பி வாங்கியவன் ஆறே மாதத்தில் ஏமாந்து நிற்கிறான். சாட்டர்னைத் திடீரென்று இறக்கியபோது சில கடைகளுக்கு மட்டும் சரக்கு கொடுத்தார்கள். கிடைக்காத கடைக்காரர்கள் கோபத்தில் சேகாவின் பெயரையே ஒதுக்கினார்கள். 2001-ல் சேகா கன்சோல், அதாவது கேம் மெஷின், செய்வதையே நிறுத்தியது. வாங்குபவனும் கடைக்காரனும் நம்பிக்கை இழந்த பிறகு எந்த மெஷினும் நிற்காது. ஒரு கடைக்காரனாக இதை நான் அடித்துச் சொல்வேன்.

கையடக்கக் கருவியில் கதை இன்னும் அழகு. 1989-ல் நிண்டெண்டோவின் கேம்பாய். கறுப்பு வெள்ளைகூடச் சரியாக இல்லை, பாசி படிந்த மாதிரி ஒரு பச்சைத் திரை, பின்னால் விளக்கும் கிடையாது. எதிரே அட்டாரியின் லிங்க்ஸும் சேகாவின் கேம் கியரும் கலர் கலராக மின்னின. ஆனால் அவற்றுக்கு ஆறு பேட்டரி போட்டாலும் நாலைந்து மணி நேரம்தான். கேம்பாய்க்கு நாலு பேட்டரி, பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். கேம்பாயும் அதன் கலர் தம்பியும் சேர்ந்து 11 கோடியே 80 லட்சத்துக்கும் மேல் விற்றன. கேம் கியர் சுமார் ஒரு கோடி. கேம்பாயைச் செய்த குன்பேய் யோகோய் என்ற மனிதர் வைத்திருந்த கொள்கை, நன்றாகப் பழகிப்போன மலிவான நுட்பத்தை எடுத்துப் புது வழியில் பயன்படுத்துவது. மின்வெட்டில் கடை நடத்தியவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. எத்தனை நிறம் தெரிகிறது என்பதைவிட எத்தனை நேரம் அணையாமல் இருக்கிறது என்பதுதான் எங்களுக்கு முக்கியம்.

அதே நிண்டெண்டோ 2011-ல் 3டிஎஸ் என்ற கையடக்கக் கருவியை 250 டாலருக்கு வைத்து விற்க முடியாமல் திணறியது. ஆறு மாதத்துக்குள் 170 ஆக்கினார்கள். தலைவர் சடோரு இவாட்டா தன் சம்பளத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டார். முதலில் முழு விலை கொடுத்தவர்களுக்கு 20 பழைய கேம்களை இலவசமாகக் கொடுத்தார்கள். இவாட்டா 2015-ல் இறந்துவிட்டார். விலையில் தப்புச் செய்தோம் என்று தெரிந்ததும் அதைத் தன் சம்பளத்திலிருந்து தொடங்கிய அந்த மனிதர் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

இப்போது பாருங்கள். 2017-ல் 300 டாலருக்கு வந்த நிண்டெண்டோவின் ஸ்விட்ச், எட்டு வருஷம் கழித்து 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் 340 டாலர். அதே மாதம் பிஎஸ்5-ம் 50 டாலர் ஏறியது. அந்த வருஷம் எக்ஸ்பாக்ஸும் ஏறியது. அமெரிக்காவின் இறக்குமதி வரி ஒரு காரணம். சிப்பைச் சிறிதாக்கினால் முன்பு போலச் செலவு குறைவதில்லை என்பதும் உண்மை. இதெல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனால் இது மட்டும்தான் காரணம் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். விலையை வெட்டச் சொல்லி நெருக்கும் எதிரி இன்றைக்கு இல்லை. மைக்ரோசாஃப்ட் 6,870 கோடி டாலர் கொடுத்து ஆக்டிவிஷன் பிளிசார்ட் என்ற கேம் கம்பெனியை வாங்கியது. அதே மைக்ரோசாஃப்டின் போர்ஸா ஹொரைசன் 5 கேம் 2025-ல் பிஎஸ்5-க்கே வந்துவிட்டது. தன் அகழியைத் தானே தூர்க்கிறவன், பக்கத்துக் கடைக்காரனோடு விலைச் சண்டை போடுவானா? நிண்டெண்டோ தன் வழியில் தனியாகப் போகிறது, மரியோவை வேறு எந்தக் கன்சோலுக்கும் தராது. இந்தியாவில் நேரடியாகக் கடையும் விரிக்கவில்லை. இங்கே கிடைக்கிற ஸ்விட்ச் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கு. மிஞ்சுவது சோனி. எதிரே ஆள் இல்லாத கடையில் விலை ஏன் இறங்கும்?

இதைச் சொன்னால் சிலர் கேட்பார்கள்: உங்கள் கடையில் ஓடியது எல்லாம் 50 ரூபாய் காப்பி டிஸ்க்தானே, உங்களுக்காக எந்தக் கம்பெனி விலை குறைக்கும்? நியாயமான கேள்வி. மெஷினை நஷ்டத்துக்கு விற்று, கேமில் லாபம் எடுப்பதுதான் இந்தத் தொழிலின் முறை. 2006-ல் பிஎஸ்3-ஐ 499, 599 டாலர் என்று வைத்தபோதுகூடச் சோனிக்கு ஒவ்வொரு மெஷினிலும் நஷ்டம்தான். அந்த முறையில் காப்பி டிஸ்க் போட்ட எங்களால் அவர்களுக்கு வருமானம் இல்லை. நாங்கள் செய்தது தப்பு, மறைக்க மாட்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன். என் கடையில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்து ஆடிய பையன்கள் இன்று பெங்களூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கிறார்கள். ஒரிஜினல் டிஸ்க்கும் சந்தாவும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார்கள். அந்த ஆசையை விதைத்தது விலை இறங்கிய பழைய பிஎஸ்2. சோனி அந்த மெஷினை 2013 வரை, பிஎஸ்3 வந்து ஆறு வருஷத்துக்குப் பிறகும், நிறுத்தாமல் விற்றது. 2009-ல் ஹைதராபாத்தில் உருவான அனுமான் கேம்கூட பிஎஸ்2-வுக்குத்தான் வந்தது. அப்போது அவர்கள் கண்ணில் நாம் பட்டோம்.

பிஎஸ்4 அப்படி இறங்கவே இல்லை. 2016-ல் 299 டாலர் ஸ்லிம் வந்ததோடு அந்தப் படிக்கட்டு நின்றுவிட்டது. அதை 150 டாலருக்குக் கொண்டுவந்து நாலைந்து வருஷம் விற்றிருந்தால், குடியாத்தத்திலும் வாணியம்பாடியிலும் எத்தனை வீட்டு டிவிக்குக் கீழே அது உட்கார்ந்திருக்கும்!

அந்த இடத்தைப் போன் பிடித்துக்கொண்டது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. அந்த வருஷக் கடைசியில் நான் கடையை மூடினேன். இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாதது இல்லை. பிறகு பப்ஜி வந்தது, 2020-ல் தடை ஆனது, அடுத்த வருஷமே வேறு பெயரில் திரும்பியது. பையன்களுக்குக் கன்சோல் என்ற சொல்லே தேவைப்படவில்லை. இப்போது என் போன் சர்வீஸ் கடைக்கு வருகிற பத்தாவது படிக்கும் பையனுக்குப் பிஎஸ்2 தெரியாது. சீனாவில் செய்த சின்னக் கருவிகளைச் சிலர் ஆன்லைனில் வாங்கி வருகிறார்கள். அதில் கேம்பாய் காலத்து ஆட்டமெல்லாம் ஓடும். ஐந்தாயிரத்துக்கும் குறைவாக ஒரு கருவி கிடைத்தால் நம்ம ஊர்ப் பையன் வாங்கத் தயார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அக்கா மகன் கடைசியாகக் கேட்டான்: "இப்ப வாங்கட்டுமா மாமா, இன்னும் வெயிட் பண்ணட்டுமா?"

"வெயிட் பண்ணாதடா" என்றேன். அவன் சேர்த்து வைத்திருப்பதில் கொஞ்சம் குறைகிறது. 49,990-க்கும் 54,990-க்கும் நடுவில் இருக்கிற அந்த 5,000 ரூபாயை நான் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். வேண்டாம் மாமா என்றான். அடுத்த வாரம் குடியாத்தம் போகும்போது அக்கா கையில் கொடுத்துவிட்டு வருவேன்.