பெரிபெரி இல்லாமல் ஒரு தட்டு

பாலக்காட்டில் ஃபிரெஞ்ச் ஃபிரைஸ் சாப்பிட்டுவிட்டு ‘சூப்பர்’ என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் மேலே தூவும் பெரிபெரி என்ற மிளகாய்-பூண்டு மசாலாப் பொடியைத்தான் பாராட்டுகிறார்கள் என்பது என் கட்சி.

கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்து ஆட்களுக்கு வறுவலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நேந்திரங்காய் சிப்ஸ் கால் கிலோ வாங்கும் முன் ஒன்றைக் கடித்துப் பார்ப்போம். தேங்காயெண்ணெயில் லேசாகச் சிக்கு வாடை அடித்தாலும் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுவோம். அப்படிப்பட்ட நாக்கு ஏசி ஹோட்டலில் மட்டும் ஏன் அடங்கிப்போகிறது?

போன வாரம் டவுனில் ஓர் இடம். பேர் வேண்டாம். வெறும் உப்புப் போட்டது கேட்டேன். “ப்ளெயின் மதியோ சேட்டா?” (வெறுமனே போதுமா அண்ணா?) என்று சப்ளையர் பையன் சந்தேகமாகப் பார்த்தான். உயரமான தகரக் குவளையில் வந்தது. அங்கேயே பாதி கெட்டது. சூடான ஃபிரைஸ் ஆவி விட்டுக்கொண்டே இருக்கும். குறுகலான குவளையில் அது போக வழியில்லாமல் அடியில் கிடப்பவை நமத்துவிடும். மேலே நாலைந்து விறைப்பாக நின்றன. அடியிலிருந்து ஒன்றை எடுத்தால் தலை தொங்கியது. பிட்டுப் பார்த்தேன். மாவாக உதிர வேண்டியது எண்ணெயோடு பசபசவென்று விரலில் ஒட்டியது. வாயில் காறல்.

பாக்கெட் ஃபிரைஸ் என்றாலே மட்டம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குஜராத்தில் மெஹ்சானா, பனஸ்கந்தா பக்கம் இதற்கென்றே உருளைக்கிழங்கு விளைகிறது. ஆலையிலேயே அரைப்பதமாகப் பொரித்து உறைய வைத்துவிடுகிறார்கள். ஹோட்டல்காரர் செய்ய வேண்டியது, 180 டிகிரி பக்கம் காய்ந்த எண்ணெயில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவதுதான். பாக்கெட்டை மொத்தமாகக் கொட்டினால் சூடு சட்டென்று இறங்கும், மேல்தோல் இறுகாது, எண்ணெய் குடிக்கும். அப்புறம், ‘நாங்களே சீவிப் போடுகிறோம்’ என்று பெருமைப்படும் கடைகள். குளிர்கிடங்கில் கிடந்த சந்தைக் கிழங்கில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறியிருக்கும். உள்ளே வேகும் முன்பே வெளியே கருத்து, கசப்புத் தட்டும்.

எண்ணெய்தான் பெரிய தலைவலி. காய்ச்சிக் காய்ச்சிக் கெட்ட எண்ணெயில் சேரும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்தே விதி இருக்கிறது. அதை அளக்கும் கருவி நம் கையில் இல்லை, மூக்குதான் இருக்கிறது. அந்த மூக்கையும் மிளகாயும் பூண்டுப் பொடியும் போட்டு அடைத்துவிட்டால்? மேனேஜரிடம் காறலைச் சொன்னேன். தன்மையான மனுஷன், உடனே தட்டை எடுத்துப் போனார். திரும்பி வந்தது அதே ஃபிரைஸ், மேலே சிவக்கச் சிவக்கப் பெரிபெரி!

சித்தூர் ரோட்டிலோ பொள்ளாச்சி ரோட்டிலோ, வெறும் உப்போடு நம்பிச் சாப்பிடுகிற இடம் தெரிந்தால் கீழே எழுதுங்கள். ‘அங்கே மயோனைஸ் நல்லாயிருக்கும்’ என்று மட்டும் யாரும் வந்துவிட வேண்டாம்.