விறைப்புக் குறைபாட்டுக்குச் சுயஇன்பம் காரணமா?
"இளமையில் செய்த சுயஇன்பத்தால் நரம்பு தளர்ந்தே விறைப்புக் குறைபாடு வருகிறது, லேகியமே தீர்வு" என்று வாட்ஸ்அப்பில் பரவும் தகவலுக்கு மருத்துவ ஆதாரம் இல்லை. ஆணுறுப்பின் தமனிகள் இதயத் தமனிகளைவிடக் குறுகியவை என்பதால், சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் ஆகியவற்றால் உண்டாகும் பாதிப்பு அங்கே முதலில் வெளிப்படலாம். ஆகவேதான் மருத்துவர், அதிகாலை விறைப்பு உண்டா, மனச்சோர்வு உண்டா, வேறு மாத்திரைகள் உட்கொள்கிறீர்களா என்றெல்லாம் கேட்டு, இரத்தச் சர்க்கரை, கொழுப்பு, தேவைப்பட்டால் காலைநேர டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) அளவுகளையும் பார்க்கிறார். 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சில்டெனாஃபில் (வயாகரா) என்ற விறைப்பு மாத்திரை பலருக்குப் பயன்தருகிறது. ஆனால் நெஞ்சுவலிக்கு நைட்ரேட் வகை மருந்து எடுப்பவருக்கு அது இரத்த அழுத்தத்தை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்தக்கூடும். 'முழுவதும் மூலிகை' என விற்கப்பட்ட பல பொருள்களில் இதே மருந்து சொல்லாமல் கலக்கப்பட்டிருந்தது ஆய்வகச் சோதனைகளில் தெரியவந்துள்ளது; லேகியம் 'வேலை செய்த' மர்மம் சில வேளைகளில் இவ்வளவுதான்.